ஆற்ற தலையெண்டால் என்ன?

உடையார்கட்டுப் பக்கம் எங்கேயாவது ஒரு வரிசை நின்றால் அதில் அவரும் நிற்பார். மண்ணெண்ணெய் வரிசை, உரத்துக்கான வரிசை, நடமாடும் சேவைக்கு அதிகாரிகள் வருகிற நாளில் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற வரிசை, எதுவானாலும் சரி. "உங்களுக்கு என்ன அலுவல் அன்ரி?" என்று கேட்டால், "எனக்கென்ன அலுவல்? இது பின்வீட்டு அப்புவுக்கு. அந்தாளுக்குக் கால் ஏலாது" என்பார். தனக்கென்று ஒரு அலுவலோடு அவர் வரிசையில் நின்றதை நான் ஒரு தடவைகூடக் கண்டதில்லை.

அவருடைய பெயரை இங்கே எழுதமாட்டேன். அந்த ஊரின் பக்கத்துக் குறிச்சிப் பெயரையும் எழுதமாட்டேன். உடையார்கட்டுப் பக்கம் என்று சொன்னதே கூடிப்போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

நான் அக்கராயன்காரி. படித்து முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தபோது ஓர் ஆய்வுத் திட்டத்தில் கள உதவியாளராகச் சேர்ந்தேன். போருக்குள் வாழ்ந்தவர்களின் உறக்கம் எப்படி இருக்கிறது, உறங்கும்போது மூளை என்ன செய்கிறது என்று அளக்கிற ஆய்வு அது. முன்பெல்லாம் அதற்கு ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துத் தலை நிறைய வயர் ஒட்டுவார்கள். இப்போது ஒரு துணிப்பட்டி போதும். நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தங்கள் வீட்டில் தங்கள் பாயில் படுக்கலாம். மூளையில் ஓடுகிற சிறு மின்னலைகளைப் பட்டி பிடித்துப் பக்கத்தில் வைத்த கைபேசிக்கு அனுப்பும். கிழமைக்கு ஒரு தடவை நான் ஸ்கூட்டியில் போய் அதை எடுத்துக்கொண்டு வருவேன். கொழும்பில் இருக்கிற ஆய்வு வைத்தியர் அதைப் பார்ப்பார்.

எங்கள் சனத்துக்கு இது சும்மா விளங்குகிற விடயமா? எத்தனையோ பேர் வந்து எதை எதையோ பதிந்துகொண்டு போன ஊர். பட்டி கட்டினால் மனசில் இருப்பதெல்லாம் கொழும்புக்குப் போய்விடும் என்று கதை பரவிவிட்டது. தெரிவு செய்யப்பட்டவர்களை முன்பள்ளிக் கட்டடத்துக்கு வரச் சொல்லியிருந்தோம். பாதிப் பேர் வரவில்லை. வராத ஒருவரின் பெயரை நான் கூப்பிட்டபோது, ஐம்பது தாண்டிய ஒரு பெண் விறுவிறு என்று வந்து கதிரையில் அமர்ந்து தலையைக் குனிந்தார். குசினிப் பக்கமிருந்து வந்திருந்தார். கையில் இலைக்கஞ்சியின் பச்சை ஒட்டியிருந்தது. முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிறவர் அவர்தான்.

"போடுங்கோ பிள்ளை."

"உங்கட பேர் இது இல்லையே அன்ரி?"

"அவவுக்குப் பயம். அதான் நான் வந்தனான்."

"இது அவவின்ர தலைக்கு வந்தது. நீங்கள் மாறிப் போடேலாது."

"ஆற்ற தலையெண்டால் என்ன? உங்களுக்கு ஒரு தலை வேணும். இந்தா கிடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு அவரிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டுப் பார்த்தோம். உறக்கம் துண்டு துண்டாகத்தான் வருகிறது என்றார். ஆய்வுக்குப் பொருத்தமான ஆள்தான். முறைப்படி அவரையே சேர்த்துக்கொண்டோம். யாருடைய தலையென்றால் என்ன என்ற அந்தக் கதை எனக்கு ஒரு பகிடியாக மட்டும் மனதில் நின்றது. அதில் இருந்த ஆளை நான் அன்றைக்கே பார்த்திருக்கவேண்டும்.

முதல் கிழமைப் பதிவு ஒன்றுமே சரிவரவில்லை. கைபேசியில் வெறும் கிறுக்கல். பட்டி பழுதாகிவிட்டதோ என்று பதறிக்கொண்டு போனால், அவர் தலை பளபளவென்று மின்னுகிறது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் நல்லெண்ணெய் தப்பி முழுகிவிட்டுத்தான் பட்டியைக் கட்டியிருக்கிறார். எண்ணெய் இருந்தால் பட்டி நெற்றியோடு ஒட்டாது, அலை பிடிபடாது. அதற்கு மேல் மூன்று குறித் திருநீறு வேறு.

"நல்ல காரியம் ஒண்டுக்குத் தலையைக் குடுக்கிறன். முழுகாமல் குடுக்கலாமே?" என்றார்.

விளக்கிச் சொன்னதும் அவருடைய முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, என்னால உங்கட வேலை கெட்டுப்போச்சே" என்று நான் படலையைத் தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். ஸ்கூட்டியில் முருங்கைக்காயும் ஊர்க்கோழி முட்டையும் ஏறின. அதன்பிறகு எண்ணெயை விட்டார். திருநீற்றை விடமாட்டேன் என்றார். நெற்றிக்குப் பதிலாகக் கழுத்திலும் நெஞ்சிலும் பூசுவதென்று நாங்கள் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்.

அவருடைய பழைய கதைகளை எனக்குச் சொன்னவர் முன்பள்ளி ஆசிரியை. இருவரும் ஒரே அகதி முகாமில் இருந்தவர்கள். தண்ணீர் பவுசர் வந்தால் அன்ரியின் முன்னால் கலன்கள் வரிசையாக நிற்குமாம். பிள்ளைத்தாச்சியின் கலன், காயக்காரரின் கலன், கிழடுகளின் கலன். ஒருநாள் எல்லாம் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பார்த்தால் பவுசர் காலி, தன்னுடைய கலனும் காலி. "நிவாரணக் காட்டை நீட்டினாத் தாறவை. நிக்கிற உடம்பு ஆற்றையெண்டு ஆர் பாக்கினம்?" என்று அவர் அப்போதும் சிரித்தாராம். நிவாரணம் வாங்கியே பழகிப்போன சனம் நாங்கள். ஒருவருடைய நிவாரண அட்டையோடு இன்னொருவர் நிற்பதைக் கள்ளவேலை என்று எங்களில் ஒருவரும் நினைத்ததில்லை. அது உதவி. அப்படி நின்றுதான் கனபேர் உயிர் தப்பினார்கள்.

அவர் அதைக் கோயில்வரை கொண்டுபோயிருந்தார். வெளிநாட்டில் இருக்கிற ஒருத்தி அம்மனுக்குப் பாற்செம்பு நேர்ந்துவிட்டு வரமுடியாமல் இருந்தாள். அன்ரி அவளுக்காக வெறுங்காலோடு கொதி மணலில் நடந்தார். பக்கத்தில் ஒரு பெடியன் கைபேசியில் அவளுக்குப் படம் காட்டிக்கொண்டு போனான். குதிகால் வெடித்து நடக்கமுடியாமல் இருந்தவரை நான் சீண்டினேன்.

"அன்ரி, ஆற்றயோ புண்ணியத்தை நீங்கள் சுமக்கிறமாதிரி, ஆற்றயோ பாவத்தையும் உங்கட தலையில கட்டிவிடலாமோ?"

"கட்டட்டும். தலை என்ன தேஞ்சுபோமே?"

அவருக்குக் கணவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அந்தக் கதையை அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தனியே இருந்தால் பக்கத்து வளவிலிருந்து ஒரு பிள்ளையைத் துணைக்குப் படுக்க அனுப்புவார்கள். அவருக்கும் அப்படி ஒருத்தி இருந்தாள். ஆடைத் தொழிற்சாலையில் வேலைசெய்கிறவள். பொழுதுபட்டதும் தலையணையோடு வருவாள், காலையில் அன்ரியின் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் தொழிற்சாலை பஸ் ஏறுவாள். அவளுக்கு வவுனியாவில் ஒரு சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். தையில் கலியாணம். அவளுடைய பெயரும் இங்கே வேண்டாம். பக்கத்து வளவுப் பிள்ளை என்றே சொல்கிறேன்.

இரண்டாவது கிழமைப் பதிவுகளை அனுப்பிய பிறகு கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. ஆய்வு வைத்தியரின் குரலில் ஒரு பரபரப்பு. அந்தப் பதிவில் விடிகிற நேரத்தில் கூரான அலைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன, அது வலிப்பு நோய்க்கான அடையாளம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். எங்கள் திட்டத்தில் அது பெரிய செய்தி. ஒரு துணிப்பட்டி, கிராமத்து வீடொன்றில் யாருக்கும் தெரியாத நோயைப் பிடித்துவிட்டது. அதைச் சொல்லித்தான் திட்டத்தை இன்னும் ஒரு காலத்துக்கு நீடித்தார்கள். என் வேலையும் நீடித்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தப் பதிவை நானும் திறந்து பார்த்தேன். எங்களுக்குத் தந்த பயிற்சியில் ஒரு விடயம் சொல்லித் தந்திருந்தார்கள். இளம் தலைகளில் ஆழ்ந்த உறக்கத்தின் அலை மலைபோல எழும், வயது போகப்போக அது சிறுத்துவிடும். இந்தப் பதிவில் மலை மலையாக எழுந்தது. எனக்கு மனதில் ஏதோ உறுத்தியது. மறுநாள் போய்க் கேட்டேன்.

"அன்ரி, இப்ப நல்ல நித்திரையோ?"

"ஓம் பிள்ளை. செத்தமாதிரி."

அதோடு நான் விட்டுவிட்டேன். நல்ல செய்தியைக் கெடுக்க மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

ஆஸ்பத்திரிக்கு அவரை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கிளினிக் வைத்தியர் கொழும்புக் கடிதத்தையும் பதிவையும் பார்த்தார். பிறகு அவரை விசாரித்தார். அன்ரி ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். விடியப்புறம் உடம்பு விறைக்கும், வாய் ஒரு பக்கம் இழுக்கும், நாக்குக் கடிபடும், எழும்பினால் ஒன்றும் நினைவிராது, காலையில் கை திடீரென்று துள்ளிக் கோப்பை விழும்.

"நித்திரையில நடக்கிறது உங்களுக்கு எப்பிடி அம்மா தெரியும்?" என்று வைத்தியர் கேட்டார்.

"துணைக்குப் படுக்கிற பிள்ளை சொன்னவள் ஐயா."

வைத்தியர் மருந்துக் குளிசை எழுதினார். எழுதிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: "இந்த வயசெண்டபடியா இதைத் துணிஞ்சு குடுக்கிறன். கலியாணம் கட்டுற வயசுப் பிள்ளையள் எண்டால் இதைத் தொடவும் மாட்டன். வயித்தில பிள்ளை வந்தால் அதுக்குக் கூடாது." நான் தலையாட்டினேன். அன்ரி மருந்துத் துண்டை வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அந்தப் பேச்சு அவர் காதில் விழவில்லை. மருந்தகத்தில் வரிசை நீண்டுவிடுமே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வருகிற வழியில் நான் முன்பள்ளியில் இறங்கினேன். வலிப்பு உள்ளவரை அடுப்பங்கரையில் தனியே விடக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். நான் ஆசிரியையைத் தனியே கூப்பிட்டு, பொறுப்பான பெண்ணாக, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"அன்ரிக்கு வலிப்பு இருக்கு டீச்சர். கஞ்சி காய்ச்சேக்க ஆரும் பக்கத்தில நிண்டால் நல்லம். வேற ஒருதருக்கும் சொல்லாதேங்கோ."

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? பெற்றோர் ஒவ்வொருவராக வந்தார்கள். கொதிக்கிற கிடாரத்துக்கு மேல் விழுந்தால் என்ன செய்வது, பிள்ளைகள் அதைக் கண்டு பயந்தால் என்ன செய்வது என்று கேட்டார்கள். அடுத்த மாதம் கஞ்சி காய்ச்ச வேறொருவர் வந்தார். அன்ரி அகப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார் என்று ஆசிரியை சொன்னார். அவருடைய கஞ்சிக்காக மட்டும் முன்பள்ளிக்கு வந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவரும் அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் விடியவிடிய எழும்பினார்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒரு சனிக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். படலை திறந்திருந்தது. கூப்பிட்டுக்கொண்டே குசினிவரை போய்விட்டேன். பக்கத்து வளவுப் பிள்ளை பலகைக்கட்டையில் இருந்தாள். கீழே தேத்தண்ணியும் உடைந்த கோப்பையும். அவளுடைய வலது கை தன்பாட்டில் ஒரு துள்ளுத் துள்ளியது. அன்ரி அவளுடைய மற்றக் கையில் குளிசையை வைத்து, செம்புத் தண்ணீரை வாயோடு பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்ரிதான் முதலில் பேசினார். அதுவரை என்னை 'வாங்கோ, இருங்கோ' என்று பேசியவர் அன்றைக்குத்தான் முதல்முதலாக 'நீ' என்றார்.

"கண்டிட்டாய். சரி, இரு."

பிள்ளை எழுந்து ஓடிவிட்டாள். அன்ரி கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். அவளுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்து நின்றிருந்ததாம். தொழிற்சாலை வேலைக்குப் போகத் தொடங்கியபின் திரும்ப வந்துவிட்டது. உறக்கத்தில்தான் வருகிறது. பக்கத்தில் படுக்கிற அன்ரிக்கு மட்டும்தான் தெரியும். தாய்க்குக்கூடச் சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஊருக்குத் தெரியும். தெரிஞ்சால் கலியாணம் நிக்கும். வலிப்புக்காரியை ஆர் கட்டுவினம்? நீ பட்டியைக் கொண்டுவந்து தந்தாய். அதைக் கட்டினால் தலைக்குள்ள இருக்கிற நோய் வருத்தம் தெரியும் எண்டாய். நான் அவளின்ர தலையில கட்டிவிட்டன். மிசினுக்குத் தெரியுமே ஆற்ற தலையெண்டு? வருத்தம் என்ர பேரில வரட்டும், குளிசை அவளுக்குப் போகட்டும். இதில என்ன பிழை?"

அவருக்கு அது மண்ணெண்ணெய் வரிசைதான். அட்டை ஒருவருடையது, உடம்பு ஒருவருடையது, கிடைக்கிறது தேவைப்பட்டவருக்கு. ஆய்வு, பதிவு, நீடித்த வேலை எல்லாம் என் கண்முன்னால் வந்து போயின. அதற்குப் பிறகுதான், மெல்ல, கிளினிக் வைத்தியர் எழுதிக்கொண்டே சொன்ன அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது.

"அன்ரி, அந்தக் குளிசை இளம் பிள்ளையளுக்குக் குடுக்கிறேல்லை. கலியாணம் கட்டி வயித்தில பிள்ளை வந்தால், பிள்ளை ஊனமாகப் பிறக்கலாம். டொக்டர் அண்டைக்கே சொன்னவர்."

அவர் கையில் இருந்த கோப்பைத் துண்டுகளைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு நிலத்தில் குந்திவிட்டார்.

"என்ர கையால குடுத்தனான்" என்றார். திரும்பவும் அதையே சொன்னார். எனக்கு முன்னால் ஒருவரும் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. அவருக்குத் தெரியாமல் நடந்த பிழை அது. தெரிந்தவள் நான். அந்தப் பேச்சைக் காதால் கேட்டவள், அலையைக் கண்ணால் பார்த்தவள். ஆனாலும் அவர்தான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார்.

குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புக் கூடிவிடும் என்று எனக்குத் தெரியும். கலியாணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் தனியே உண்மையைச் சொல்லி வேறு மருந்து கேட்பதென்று முடிவெடுத்தோம்.

"நான் கதைக்கிறன் அன்ரி. நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம்" என்று நான்தான் சொன்னேன். அந்த வார்த்தையை நான் அவருக்குக் கொடுத்தேன்.

கிளினிக் நாளில் தனியே என்று ஒன்று இல்லை என்பதை நான் மறந்துவிட்டேன். ஓர் அறைக்குள் இரண்டு மேசைகள். மேசையைச் சுற்றி அடுத்த நோயாளிகள், அவர்களுக்குப் பின்னால் அதற்கடுத்தவர்கள், தாதி, வாசலில் எங்கள் ஊரிலிருந்தே வந்திருந்த இரண்டு பெண்கள். வைத்தியர் என்னை அடையாளம் கண்டு, "உங்கட பட்டி நல்ல வேலை செய்திருக்கு" என்று மெச்சினார். கள்ளனைத் தேள் கொட்டியதுபோல நின்றேன். அந்தப் பதிவு பொய் என்று சொன்னால் என் வேலை என்னாகும்? கொழும்பில் என்ன சொல்வார்கள்? ஊர்ப் பெண்கள் காதில் விழுந்தால் பிள்ளையின் கதி என்ன? பிள்ளைக்காகத்தான் வாய் திறக்கவில்லை என்று பிறகு என்னை நானே சமாதானப்படுத்தப் பார்த்தேன். அது முழு உண்மை இல்லை. முதலில் வந்த நினைப்பு வேலையைப் பற்றித்தான்.

அன்ரி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். வைத்தியர் பழைய குளிசையையே திரும்ப எழுதத் தொடங்கினார்.

"ஐயா, எனக்கு இந்தக் குளிசை வேண்டாம்."

"ஏனம்மா? ஒத்துவரேல்லையோ?"

"பிள்ளை பெறுற ஆக்களுக்குக் குடுக்கிற குளிசை எண்டு வேற இருக்காம். எனக்கு அதைத் தாங்கோ."

"உங்களுக்கு ஏன் அது?"

"நான் பிள்ளை பெறப்போறன் ஐயா."

அறை சிரிப்பில் வெடித்தது. தாதி வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில் நின்ற ஊர்ப் பெண்களில் ஒருத்தி, "ஆர் அக்கா மாப்பிள்ளை, எங்களுக்குக் காட்டேல்லையே?" என்று கேட்டாள். நெஞ்சு வருத்தத்துக்கு வந்திருந்த ஒரு கிழவர்கூடச் சிரித்தார். நரை விழுந்த தலையோடு, நூல் சேலையோடு, அந்தச் சிரிப்புக்கு நடுவில் அன்ரி நிமிர்ந்து நின்றார். காதுமடல்வரை சிவந்துபோயிருந்தார். ஆனால் வைத்தியரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் விடயம் தெரிந்துவிடும் என்றா, மற்றவர்கள் சிரிக்கிறார்கள் என்றா, தெரியவில்லை. என் வாய் சிரித்தது. அதை அவர் பார்த்தார்.

சிரிக்காதவர் வைத்தியர் மட்டும்தான். பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பதிவை எடுத்துத் திரும்பவும் பார்த்தார். எழும்பி அன்ரியின் பக்கமாக வந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

"துணைக்குப் படுக்கிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்கு வாங்கோ அம்மா. அங்கயும் எனக்குக் கிளினிக் இருக்கு. அங்க உங்கட ஊர்ச் சனம் வராது."

"எந்தப் பிள்ளை ஐயா? வருத்தம் எனக்குத்தானே?" என்றார் அன்ரி.

"ஓம். உங்களுக்குத்தான். ஆனாலும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

வவுனியாவுக்கு அன்ரிதான் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். கலியாணச் சேலை எடுக்கப் போகிறோம் என்று ஊருக்குச் சொன்னார்கள். சேலையும் எடுத்துக்கொண்டுதான் வந்தார்கள். குளிசை மெல்ல மெல்ல மாற்றப்பட்டது. தையில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளையிடம் அவளே பிறகு சொல்லிவிட்டாளாம். அவன் நல்ல பெடியன். ஆனால் அவனுடைய வீட்டாருக்கும் அவள் தாய்க்கும் இன்றுவரை தெரியாது. இப்போது அவளுக்கு ஒரு மகன். குறை ஒன்றுமில்லை.

கொழும்புக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை. அந்தக் கிழமை பட்டி ஒழுங்காகப் பொருந்தவில்லை, பதிவை ஆய்வில் சேர்க்கவேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவர்களும் எடுத்துவிட்டார்கள்.

ஊர் அன்ரியை விடவில்லை. கிளினிக் கதை அன்றைக்குப் பின்னேரமே வந்து சேர்ந்திருந்தது. 'பிள்ளைத்தாச்சி' என்று பட்டம் வைத்தார்கள். கடைக்குப் போனால் "எத்தினையாம் மாசம்?" என்று கேட்டார்கள். வலிப்பு முற்றி மூளையும் கலங்கிவிட்டது என்று சிலர் இரக்கப்பட்டார்கள். அவர் எல்லாவற்றுக்கும் சிரித்தார். முன்பள்ளிக்குப் போய் அவருக்கு வலிப்பு இல்லை என்று சொல்லட்டுமா என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கில்லையெண்டால் அப்ப ஆருக்கு எண்டு கேப்பினம். என்ர வீட்டில ஆர் படுத்தவள் எண்டு எல்லாருக்கும் தெரியும். பேசாமல் இரு."

பேசாமல் இருந்தேன். பேசக்கூடாத இடத்தில் பேசியவள், பேசவேண்டிய இடத்தில் வாயை மூடியவள், இப்போது பேசவே முடியாத இடத்துக்கு வந்துவிட்டேன். கிளினிக் சிரிப்பைப் பற்றி அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அதற்குப் பதிலாக முருங்கைக்காய் தந்தார்.

பக்கத்து வளவுப் பிள்ளை வவுனியாவுக்குப் போன பிறகு அன்ரிக்குத் துணைக்குப் படுக்க ஒருவரும் வரவில்லை. வலிப்புக்காரி வீட்டுக்குத் தங்கள் பெட்டையை அனுப்ப யாருக்கு மனம் வரும்? நான் சில வேளை பின்னேரங்களில் போவேன். இருட்ட முன்னமே "வெளிக்கிடு பிள்ளை, யானை வரும் பாதை" என்று கலைத்துவிடுவார்.

போன வருடம் மாரி தொடங்கிய நேரம், ஒருநாள் அவருடைய படலை திறபடவே இல்லை. பின்வீட்டு அப்புவின் மகள் போய்ப் பார்த்தபோது பாயில் கிடந்தபடி போயிருந்தார். உறக்கத்திலேயே நெஞ்சு நின்றிருக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். செத்தவீட்டில் அதை ஒருவரும் ஏற்கவில்லை. "நித்திரையில வலிப்பு வந்திருக்கு. பக்கத்தில ஒருதரும் இல்லை, பாவம்" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள் இல்லையே என்று பெரியவர்கள் யோசித்தபோது, பக்கத்து வளவுப் பிள்ளை தன் மகனைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். தகப்பன் அவனுடைய சின்னக் கைக்குமேல் தன் கையை வைத்துப் பந்தத்தைப் பிடித்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முன்பள்ளி ஆசிரியை என் பக்கத்தில் நின்றார். என்னுடைய கையைப் பிடித்து அமத்தினார்.

"அழாதேங்கோ மிஸ். நீங்கள் உங்கட கடமையைச் செய்தனீங்கள். அண்டைக்கு நீங்கள் வந்து சொன்னபடியாத்தான் எங்கட பிள்ளையள் தப்பினவை. இல்லாட்டி அந்தக் கிடாரத்துக்கு முன்னால என்ன நடந்திருக்குமோ? ஊரே உங்களுக்கு நன்றி சொல்லவேணும்."

பந்தத்தைப் பிடித்திருந்த சின்னவன் நெருப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய தாய் எங்களுக்கு இரண்டு அடி தள்ளித்தான் நின்றாள். ஆசிரியை சொன்னது அவளுக்கும் கேட்டது.

"ஓம் டீச்சர்" என்றேன்.